ஐப்பசி ஒன்பதாம் தேதி அட்டை

எந்த வரைபடத்திலும் இல்லாத செம்மேட்டு நாட்டை, உண்மையின் மீது அளவு கடந்த பிரியம் வைத்த ஓர் அரசர் ஆண்டுவந்தார். பிரியம் முற்றிப்போய், பத்திரிகைக்காரர்கள் காவலர் முன்னிலையில்தான் செய்தி எழுத வேண்டும் என்று ஆணையிட்டார். பக்கத்தில் உட்கார்ந்தே காவலர்களுக்குக் கால் மரத்துப்போனது. ஆகவே, இனி அவர்களே எழுதிவிடலாம் என்று அடுத்த ஆணை வந்தது. வேலை போன நிருபர்களை, வேலையில்லாமல் திரிந்த குற்றத்துக்காகப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

இந்த நட்பைப் போற்றி 'காவலும் எழுத்தும்' என்றோர் அருங்காட்சியகம் திறந்தார்கள். குடிமக்கள் எல்லோரும் ஒருமுறை வந்து, பார்த்து, மகிழ்ந்தாக வேண்டும். மகிழாதவர்களுக்கு வெளியே போகும் வழி வேறு.

வேதவல்லியும் வந்தாள். அவள் கணவன் ஏகாம்பரம் ஒரு நிருபர். நாற்பது நாளாக அவனைக் காணவில்லை. அப்படி ஒரு ஆளைப் பார்த்ததே இல்லை என்று எல்லாக் காவல் நிலையங்களிலும் கையை விரித்துவிட்டார்கள்.

மூன்றாவது காட்சிப் பெட்டியில் ஒரு மூக்குக்கண்ணாடி இருந்தது. உடைந்த காதுப்பிடியில் பச்சை நூல் சுற்றியிருந்தது. சுற்றியவள் அவள்தான். கீழே இருந்த அட்டையில், 'நிருபர் ஏகாம்பரம். அன்பான விசாரணையின்போது மாரடைப்பால் காலமானார். ஐப்பசி ஒன்பது' என்று அச்சிட்டிருந்தது.

மறுபடியும் வாசித்தாள். அன்று ஐப்பசி ஏழுதான். ஒரு மாதத்துக்கு வேண்டிய அட்டைகளை முன்கூட்டியே அச்சடித்துவிடுவது அந்த நாட்டு வழக்கம். எவனோ அவசரக்காரன் இதை இரண்டு நாள் முன்னதாகவே வைத்துவிட்டான்.

அருங்காட்சியகத்தின் பொறுப்பாளரான காப்பாட்சியரிடம் ஓடினாள். "ஐயா, இன்னைக்குத் தேதி ஏழுதானே? அப்போ என் வீட்டுக்காரர் இன்னும் உயிரோட இருக்காரு. எங்கே வச்சிருக்காங்கன்னு மட்டும் சொல்லுங்க."

அவர் காலண்டரைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார். அவருக்கு வியர்த்துக் கொட்டியது.

"பெரிய தப்பு நடந்திருக்கும்மா. அரசாங்க அட்டையில பொய் இருக்கவே கூடாது. உடனே சரிபண்ணிடறேன்."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கையெடுத்துக் கும்பிட்டாள். அவர் உள்ளே போய்த் தொலைபேசியில் யாரிடமோ தாழ்ந்த குரலில் பேசினார். கால் மணி நேரம் கழித்துத் தொலைபேசி அடித்தது. எடுத்துக் கேட்டுவிட்டு, நல்லது என்று சொல்லி வைத்தார்.

இதற்கு மேல் சொல்ல எனக்கே நா எழவில்லை. அவர் பேனாவோடு வந்து பெட்டியைத் திறந்தார். ஒன்பதை அடித்துவிட்டு, ஏழு என்று எழுதினார்.

மறுநாள் எல்லாப் பத்திரிகைகளிலும் ஒரே தலைப்பு: 'குடிமகள் சுட்டிக்காட்டிய பிழை அன்றே திருத்தப்பட்டது.'