பெட்ராவில் என் பின்னால் பத்தொன்பது பேர்

பத்து வீடியோ பார்த்துவிட்டால் அந்த விஷயத்தில் நான்தான் நிபுணன் என்று நம்பிவிடும் வியாதி எனக்கு உண்டு. இதனால் குவேக்கர்ஸ் ஹில்லில் எங்கள் வீட்டுப் பாத்திரம் கழுவும் மெஷின் இரண்டு முறை சமையலறையையே கழுவியிருக்கிறது. ஆனால் அதெல்லாம் நான்கு சுவருக்குள் நடந்தவை. ஜோர்டான் பாலைவனத்தில் நடந்ததற்குப் பத்தொன்பது பேர் சாட்சி. பத்தொன்பது பேரும் தமிழர்கள்.

மலையைக் குடைந்தே ஒரு நகரமாகச் செதுக்கிய பெட்ராவைப் பார்க்க வேண்டும் என்பது என் மனைவி வதனியின் பல வருட ஆசை. வதனி யாழ்ப்பாணம், நான் திருச்சி. எங்கள் மகள் மீராவுக்குப் பதினான்கு வயது; எந்தத் தமிழில் கேட்டாலும் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வாள்.

பெட்ரா வாசலில் வதனி சொன்னாள். "ஒரு கைடைப் பிடிச்சால் நல்லது எல்லோ?"

"எதுக்கு? அதான் நான் இருக்கேனே."

அவள் என்னைப் பார்த்தாள். (சமையலறைத் தரையைத் துடைக்கும்போது பார்ப்பாளே, அதே பார்வை.) பிறகு நடந்தாள்.

வெயிலுக்கு ஒரு மஞ்சள் குடையை விரித்துக்கொண்டு நான் முன்னால் போனேன். பாறை இரண்டாகப் பிளந்த ஒடுக்கமான வழி வளைந்து வளைந்து போகிறது. கடைசித் திருப்பத்தில் திடீரென்று ரோஜா நிறத்தில் ஒரு மாளிகை முகப்பு, முழுக்க முழுக்க மலையிலேயே செதுக்கியது. வதனிக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நேரத்தில் எந்த மனிதனும் வாயை மூடிக்கொண்டிருப்பான். நான் திறந்தேன்.

"இதுதான் ராஜாவோட கஜானா. உள்ள பூராத் தங்கம் வச்சிருந்தாங்க."

"டாட், இட்ஸ் எ டூம்," என்றாள் மீரா, பலகையைப் படித்துவிட்டு.

கல்லறை என்று ஒப்புக்கொள்ள மனம் வராமல் குரலை இன்னும் உயர்த்தினேன். அப்போது தொப்பி போட்ட ஒரு பெரியவர் என் தோளைத் தட்டினார்.

"தம்பி, அந்தக் கஜானாக் கதையைத் திரும்ப ஒருக்காச் சொல்லுங்கோ. என்ர மனிசிக்கு வடிவாக் கேக்கேல்லை."

திரும்பினால் ஒரு கூட்டமே நிற்கிறது. மெல்பேர்னிலிருந்து சுற்றுலா வந்த ஈழத்து அங்கிள்மார், அன்ரிமார். அவர்களுடைய கைடு வேறு யாருக்கோ எதையோ விளக்கிக்கொண்டிருந்தார்.

"எங்கட ஆள் இங்கிலீசில கடகடவெண்டு சொல்றார். ஒண்டும் விளங்கேல்லை. தமிழ்க் கைடு இருக்கிறது எங்களுக்குத் தெரியாமப் போச்சே," என்றார் அங்கிள்.

நான் கைடு இல்லை என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கஜானாவைத் திரும்பச் சொன்னேன். போதாததற்கு, இந்தச் சிற்பிகளுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர்களே மாமல்லபுரத்துக்காரர்கள்தான் என்றும் சொன்னேன். (மாமல்லபுரம் வருவதற்கு எத்தனையோ நூற்றாண்டு முன்னாலேயே இவர்கள் செதுக்கி முடித்துவிட்டார்கள்.) முன்னால் நின்ற ஒரு அன்ரி அதை நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். வதனி மெல்ல நகர்ந்து, எனக்குச் சம்பந்தமில்லாதவள் போல ஒரு ஒட்டகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த நிமிடம்தான் என் வயிறு பேசியது. ஹோட்டலில் காலையில் மூன்று தட்டு ஹம்மூஸ், அந்த ஊர்க் கொண்டைக்கடலை மசியல், சாப்பிட்டிருந்தேன்.

கழிப்பறை இன்னும் உள்ளே, தூரத்தில் இருந்தது. குடையை மடக்கக்கூடத் தோன்றாமல் வேகமாக நடந்தேன். நடை ஓட்டமானது. திரும்பிப் பார்த்தேன். பத்தொன்பது பேரும் பின்னால் வந்துகொண்டிருந்தார்கள்.

"தம்பி, ஏன் ஓடுறீங்கள்?"

"நேரமில்ல அங்கிள்."

அவர் பின்னால் திரும்பி, "கெதியா வாங்கோ, பூட்டப் போறாங்களாம்," என்று அறிவித்தார். கூட்டமும் ஓட ஆரம்பித்தது.

மலையில் வெட்டிய அரங்கம் வந்தது. "இது என்ன தம்பி?" "அப்புறம் அங்கிள்." வரிசையாகக் கல்லறைகள் வந்தன. "இது?" "அப்புறம்." இரண்டாயிரம் வருடச் சரித்திரத்தை இப்படி 'அப்புறம்' என்றே தாண்டினோம். முழங்கால் வலியுள்ள நோட்டுப் புத்தக அன்ரி, பின்தங்கிவிடக் கூடாது என்று ஒரு கழுதையில் ஏறி என்னையும் முந்திப் போய்விட்டார்.

பாறை நிறத்திலேயே கட்டியிருந்த அந்தச் சின்னக் கட்டடத்துக்குள் பாய்ந்து கதவைத் தாழிட்டேன். கழிப்பறை என்ற பலகையை மறைத்துக்கொண்டு வெளியே அன்ரியின் கழுதை நின்றது. பேச்சுக்குரல் உள்ளே தெளிவாகக் கேட்டது.

"இதுதான் முக்கியமான இடம் போல."

"தனியத்தான் உள்ள போகோணுமோ?"

"சப்பாத்துக் கழட்டோணுமோ?"

வாழ்நாள் முழுவதும் உள்ளேயே இருந்துவிடலாமா என்று யோசித்தேன். கடைசியில் வெளியே வந்தால், அங்கிள்மார் அன்ரிமார் வரிசையில் நிற்கிறார்கள். நான்கு பேர் சப்பாத்தைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் வதனி, மீரா. எல்லோருக்கும் பின்னால், வியர்த்து விறுவிறுத்து ஓடிவந்த அவர்களுடைய உண்மையான கைடு.

"இவர்களை இங்கே கூட்டி வந்தது யார்?" என்று அவர் ஆங்கிலத்தில் கேட்டார். கூட்டம் மொத்தமும் மரியாதையாக என்னைக் கைகாட்டியது.

"அங்கிள், நான் கைடு இல்ல. எனக்கு வயிறு சரியில்ல. இது டாய்லெட்," என்றேன்.

கழுதை மேலிருந்த அன்ரி கேட்டார். "அப்ப அந்த மாமல்லபுரம்?"

"அதுவும் இல்ல அன்ரி."

அவர் நோட்டைத் திறந்து, என்னைப் பார்த்துக்கொண்டே ஒரு பக்கம் முழுவதையும் குறுக்கே கோடு போட்டு அடித்தார். பரீட்சையில்கூட எனக்கு அப்படி அவமானமாக இருந்ததில்லை.

தொப்பி அங்கிள்தான் என்னைக் காப்பாற்றினார். "பரவாயில்லை தம்பி. காலமை தொடக்கம் எங்கள் எல்லாருக்கும் இதுதான் தேவைப்பட்டது. அந்தாளிட்டக் கேக்க வெக்கமாக் கிடந்தது." சொல்லிவிட்டு உள்ளே போனார். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் போனார்கள். முடித்து வந்த சந்தோஷத்தில், கட்டடத்துக்கு முன்னால் என்னை நடுவில் நிறுத்தி ஒரு குரூப் போட்டோவும் எடுத்துக்கொண்டார்கள். எடுத்தது அந்தக் கைடுதான். பாவம், அதற்குள் அவரும் சிரிக்க ஆரம்பித்திருந்தார்.

அன்று பிற்பகல் முழுவதும் அவருடைய விளக்கத்தைக் கூட்டத்தின் கடைசியில் நின்று கேட்டேன். வதனியும் கேட்டாள். அந்த முகப்பை அவள் இரண்டாவது முறை பார்த்தபோது நான் வாயைத் திறக்கவில்லை.

அந்தப் படத்தை நோட்டுப் புத்தக அன்ரி மெல்பேர்னிலிருந்து அனுப்பி வைத்தார். வதனி அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டிவிட்டாள். வருகிறவர்கள் எல்லோரும் அதன் முன்னால் ஒரு நிமிடம் நிற்கிறார்கள். போன மாதம் ஹோம்புஷிலிருந்து வந்த நண்பர் ஒருவர், ஜோர்டான் போகப் போகிறாராம், பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்துகொண்டு, "இந்த இடத்துக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கணும்?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள் வதனி சொல்லிவிட்டாள். "அது அவையவையின்ர வயித்தைப் பொறுத்தது."