முந்நூற்றுப் பதினெட்டு டம்ளர்கள்

இந்த வருடம் இசைவிழாவில் ஒரு காகிதக் கோப்பைகூடத் தரையில் விழக்கூடாது. இப்படி நான் முடிவு செய்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பல் துலக்கும்போது. பெரிய முடிவுகளை நான் அப்போதுதான் எடுப்பேன். அந்த ஐந்து நிமிடம் மட்டும்தான் என் மனைவி என்னிடம் பதில் எதிர்பார்ப்பதில்லை.

போன வருடம் விழா முடிந்த மறுநாள் மைதானத்துக்குப் போய் எண்ணினேன். காகிதக் கோப்பைகள் ஆயிரத்து நூற்று நாற்பது. அதுவும் மேடைக்கு இடது பக்கம் மட்டும். நான் வலது பக்கம் போவதற்குள் துப்புரவுக்காரர் கூட்டி அள்ளிவிட்டார். கணக்கு பாதியில் நின்ற வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

எண்ணுவது என் தொழில். படிப்பு எட்டாவது. ஆனால் முப்பத்து நான்கு வருடம் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். ஒரு திருகாணி குறைந்தாலும் அன்றைக்குச் சோறு இறங்காது. நான் ஓய்வு பெற்ற வருடம் அங்கே கேண்டீனை மூடினார்கள். பாத்திரங்களை எல்லாம் உருக்குவதற்கு அனுப்பப் போனார்கள். எனக்கு மனம் கேட்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து பின்னறையில் அடுக்கிவிட்டேன். அறையில் இந்தப் பாதி டம்ளர், அந்தப் பாதி தட்டு. டம்ளர் மட்டும் முந்நூற்றுப் பதினெட்டு. ஒவ்வொன்றின் அடியிலும் ஆணியால் தட்டி எண் போட்டிருக்கிறேன்.

"நம்ம வீட்ல எத்தனை பேருங்க?" என்றாள் மனைவி அன்றைக்கு.

"ரெண்டு."

"அப்ப ஆளுக்கு நூத்தி அம்பத்தொம்பது."

"கிண்டல் பண்ணாதே."

"கிண்டல் இல்லீங்க. தினம் ஒண்ணு எடுத்தாலும் வருஷத்துல நாப்பத்தேழு நாள் டம்ளர் இல்லாமத் தவிப்போமே. இன்னும் கொஞ்சம் கிடைக்குமான்னு பாருங்க."

அவளுக்கும் கணக்கு வரும் என்பதை நான் அப்போதே குறித்து வைத்திருக்க வேண்டும்.

அவளிடம் ஒரு வயலின் இருக்கிறது. கல்யாணத்துக்கு முன்னால் கற்றுக்கொண்டது. முப்பத்தாறு வருடம் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. இரண்டு வருடமாக மறுபடியும் வகுப்புக்குப் போகிறாள். வீட்டில் வாசிக்கத்தான் இடமில்லை. கூடத்தில் வாசித்தால் எனக்குச் செய்தி கேட்காது. சமையலறையில் வாசித்தால் வில் போய் டப்பாக்களைத் தள்ளிவிடும். போன மாதம் ஒரு ராகம் முடிவதற்குள் அரைக் கிலோ சர்க்கரை கொட்டியது.

"பின்ரூமைக் கொஞ்சம் ஒழிச்சுக் குடுங்களேன்."

"அங்க இருக்கிற ஒவ்வொண்ணும் ஒருநாள் உபயோகப்படும்."

"உபயோகப்பட்டுட்டா?"

"அன்னிக்கு அந்த இடம் உன்னுது."

"வார்த்தை மாற மாட்டீங்களே?"

"நான் என்னிக்கு மாறியிருக்கேன்?"

இப்படி நான் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னபோது, என் சட்டைக்கு அளவெடுக்க வந்த பக்கத்து வீட்டுத் தையற்காரர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். அவர்தான் விழாக் குழுவின் செயலாளர். எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனால் என் முடிவை விதிகளாக எழுதி அவரிடம் கொடுப்பது என்று தீர்மானித்தேன்.

ஒன்பது விதிகள் வந்தன. விழாவுக்கு எல்லோரும் நடந்தோ சைக்கிளிலோதான் வர வேண்டும். அறிவிப்புகளைப் பழைய துணியில் எழுத வேண்டும். இப்படி மூன்று விதி போனதும் நான்காவது: காகிதக் கோப்பை கிடையாது, வீட்டில் அதிகமாகப் பாத்திரம் வைத்திருப்பவர்கள் விழாவுக்குத் தந்து உதவ வேண்டும். ஐந்தாவது: பாத்திரத்தைத் தந்தவரே கழுவ வேண்டும். ஒருவர் பொருளை இன்னொருவர் கழுவினால் எண்ணிக்கை தப்பும், நசுங்கவும் செய்யும். இது என் முப்பத்து நான்கு வருட அனுபவம்.

மனைவி படித்துப் பார்த்தாள்.

"நாலாவது ரொம்ப நல்லா இருக்குங்க."

நான் எழுதிய எதையும் அவள் அதுவரை பாராட்டியதில்லை. மளிகைச் சீட்டைக்கூடத் திருத்துவாள். சந்தேகம் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது பெருமை.

"யாராவது குடுப்பாங்களா?" என்றாள்.

"குடுத்துத்தான் ஆகணும். உபயோகமில்லாமப் பூட்டி வெச்சிருக்கிறது ஊருக்குச் செய்யற துரோகம்."

"அதையும் எழுதுங்க."

எழுதினேன். கீழே கோடும் போட்டேன்.

நம் பின்னறை ஞாபகம் வரவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். வந்தது. ஆனால் ஊரார் வைத்திருப்பது பாத்திரம். நான் வைத்திருப்பது இருப்பு. ஸ்டோரில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த வித்தியாசம் புரியும்.

விழா நாள் வந்தது.

"நீங்க முன்னாடி நடங்க," என்றாள் மனைவி. "மைதானத்துக்கு எத்தனை அடின்னு எண்ணிக்கிட்டே போங்க. நான் கூட வந்தா பேசுவேன். உங்களுக்குக் கணக்கு விட்டுப்போகும்."

என் மேல் இவ்வளவு கரிசனமா என்று உருகிப்போனேன். நாலாயிரத்து நூற்று ஆறு அடி. போனதும் குப்பைத் தொட்டிகளை எண்ணினேன். எட்டு. நாற்காலிகளை எண்ணினேன். முந்நூறு. அதில் மூன்றுக்குக் கால் ஆடியது. இதற்குள் ஒரு மணி நேரம் ஓடிவிட்டது. தாகத்துக்குத் தேநீர் கொடுக்கும் இடத்துக்கு வந்தேன்.

வந்தவன் அப்படியே நின்றேன். நீள மேசை நிறைய எவர்சில்வர் டம்ளர். வரிசை வரிசையாக வெயிலில் மின்னின. ஒரு காகிதக் கோப்பை இல்லை. தையற்காரர் ஒரு டம்ளரில் தேநீர் ஊற்றிக் கையில் கொடுத்தார். நல்ல கனம். விளிம்பு உள்பக்கம் மடித்தது. கேண்டீன் சாமான் என்று தொட்டதும் தெரிந்தது. என்னைப் போலவே பொருளின் அருமை தெரிந்த இன்னொரு மனிதர் இந்த ஊரில் இருக்கிறாரே என்று நெஞ்சு விம்மியது. ஒட்டிய நாக்கு தானாகக் கழன்றது.

"யாரு தம்பி குடுத்தது?"

"பேரை இப்போதைக்குச் சொல்ல வேண்டாம்னுட்டாங்கண்ணே."

"பெரிய மனசு. இதைத் திருப்பிக் குடுத்துடாதீங்க."

"குடுக்க வேண்டாமா?"

"குடுத்தா எந்த இருட்டு ரூம்லயாவது போய்க் கிடக்கும். வருஷா வருஷம் விழாவுக்கே இருக்கட்டும்."

"குடுத்தவங்க வந்து கேட்டா?"

"கேக்கறவன் மனுஷனே இல்ல."

"அண்ணே, இதை அப்படியே நம்ம குழு நோட்டுல எழுதிக் குடுங்களேன். உங்க எழுத்துக்கு ஒரு மதிப்பு இருக்கு."

எழுதினேன். தேதி போட்டேன். கையெழுத்தும் போட்டேன். பிறகு கடைசி வாய்த் தேநீரைக் குடித்துவிட்டு, பழக்க தோஷத்தில் டம்ளரைக் கவிழ்த்து அடியைப் பார்த்தேன்.

இருநூற்று ஏழு.

பக்கத்தில் இருந்ததை எடுத்தேன். ஐம்பத்தெட்டு. அதற்கு அடுத்தது முந்நூற்றுப் பதினொன்று. இருநூற்று ஏழில் இருந்த ஏழு நான் போட்ட ஏழு. நடுவில் கோடு இழுப்பது நான் மட்டும்தான்.

"டீ எப்படிங்க இருக்கு?" முதுகுக்குப் பின்னால் மனைவியின் குரல்.

"இது... நம்ம..."

"ஆமாங்க. இந்தத் தையற்காரத் தம்பியோட சைக்கிள் வண்டியில மூணு நடையா வந்துச்சு. புகை கிகை கிடையாது, உங்க விதிப்படிதான். முந்நூத்திப் பதினேழு இங்க இருக்கு. ஒண்ணு மட்டும் வீட்ல, நீங்க குடிக்கிறதுக்கு."

"என்னை ஒரு வார்த்தை கேக்க வேண்டாமா?"

"கேட்டேனே. பூட்டி வெச்சா துரோகம்னீங்க. கோடு வேற போட்டீங்க."

தையற்காரர் தொண்டையைச் செருமினார். "அண்ணே, அஞ்சாவது விதி ஒண்ணு இருக்கு."

மேசைக்குப் பின்னால் இரண்டு தொட்டி. ஒன்றில் சோப்புத் தண்ணீர், ஒன்றில் நல்ல தண்ணீர். பக்கத்தில் தேங்காய் நார், என் அளவுக்கே தைத்தது போல ஒரு மேலங்கி. தைத்தது அவர்தானே, அளவு இருக்கும்.

ஒரு நாளைக்கு மூன்று சுற்று. மூன்று நாள். இரண்டாயிரத்து எண்ணூற்று ஐம்பத்து மூன்று டம்ளர் கழுவினேன். தொட்டி இருந்த கோணத்தில் மேடைக்கு என் முதுகுதான் தெரியும். மனைவி முதல் வரிசையில், கால் ஆடாத நாற்காலியில் உட்கார்ந்து தாளம் போட்டாள். கடைசி நாள் ஒலிபெருக்கியில் என்னைப் பாராட்டினார்கள். முந்நூறு பேர் கை தட்டினார்கள். நான் நுரைக் கையோடு கும்பிட்டேன்.

மறுநாள் காலை மைதானத்துக்குப் போனேன். இந்தத் தடவை வலது பக்கமும் பார்த்தேன். காகிதக் கோப்பை பூஜ்யம். டம்ளர் முந்நூற்றுப் பதினேழும் சரி, ஒரு நசுங்கல் இல்லை. இந்த விஷயத்தில் நான் ஜெயித்தேன் என்பதை யாரும் மறுக்க முடியாது.

வீட்டுக்கு வந்தால் பின்னறையிலிருந்து வயலின். டம்ளர் இருந்த பாதியில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தாள். வாசலில் ஒன்றாம் எண் டம்ளரில் எனக்குத் தேநீர் மூடி வைத்திருந்தது. வாசிப்பு நன்றாகத்தான் இருந்தது. திடீரென்று நின்றது.

"ஏங்க, வில்லை முழுசா இழுத்தா முழங்கை தட்டுல இடிக்குது."

நான் செய்தித்தாளை உயர்த்திக்கொண்டேன்.

"அடுத்த வருஷம் விழாவுல சாப்பாடும் உண்டாம். காகிதத் தட்டு வேண்டாம்னு தம்பி நினைக்கிறாரு. நம்மகிட்ட தட்டு எத்தனை இருக்கு?"

முப்பத்து நான்கு வருடத்தில் நான் ஒருநாளும் பொய்க் கணக்குச் சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னேன்.

"எண்ணலை."

"நானூத்திப் பன்னெண்டு," என்றாள். "ஆறுல விளிம்பு பிஞ்சிருக்கு. கழுவுறப்ப கை பத்திரம்."