கோச்சின் தோள் துண்டு

அழகுபாண்டியின் தோளில் கிடந்த துண்டு இடுப்புக்கு இறங்கிவிட்டது. அவன் இறக்கவில்லை, கை தன்பாட்டுக்கு இறக்கியது. மாமனார் கருத்தக்கண்ணன் மைதானத்து ஓரம் வந்து நின்றால் உசிலம்பட்டி மருமகனின் கை வேறென்ன செய்யும்?

வம்பு என்னவென்றால், அந்தத் துண்டுதான் அவன் அணிக்கு உத்தரவு. இடுப்பில் இருந்தால் பந்தைக் கிட்டத்தில் எறி, தலையில் கட்டினால் தூரத்தில் எறி. கேப்டன் அஸ்வினி கிட்டத்தில் எறிந்தாள். அங்கேயே காத்திருந்த சென்னைப் பெண்கள் பந்தைப் பறித்து ஓடி இரண்டாம் தடவையும் புள்ளி எடுத்தார்கள்.

அழகுபாண்டி லேசுப்பட்ட ஆள் இல்லை. பந்தைக் கையால் பிடித்து ஓடுகிற அமெரிக்கக் கால்பந்தில், எறியும் பந்தைப் பாய்ந்து பிடிக்கிற ரிசீவராகப் புனேயில் சம்பளத்துக்கு ஆடியவன். அவன் கைக்கு வந்த பந்து மண்ணைத் தொட்டதில்லை என்று பேர். முழங்கால் போனதும் நாகமலை புதுக்கோட்டையில் ஒரு கல்லூரிக்குக் கோச்சாகி, பெண்கள் அணியை உருவாக்கினான். இன்று இறுதிப் போட்டி. தோற்றால் அணியையே இழுத்து மூடிவிடுவதாகக் கல்லூரி முதல்வர் சொல்லிவிட்டார்.

மாமனாரோ, "தோத்தா என்ன மாப்ள? நம்ம மாட்டுத்தீவனக் கடை கல்லாவுல வந்து உக்காருங்க" என்று ஆறுதல் சொல்லியிருந்தார். அந்த ஆறுதலிலிருந்து தப்பிக்கவாவது அவன் ஜெயித்தாக வேண்டும்.

"மாமா, கேலரியில நல்ல நிழலா இருக்கு. அங்க உக்காருங்களேன்."

"ஆகட்டும் மாப்ள."

போகிற வழியில், தண்ணீர் குடிக்க வந்த அஸ்வினி அவரிடம் ஏதோ சொல்லிவிட்டு ஓடினாள். போனவர் நன்னாரி சர்பத்தோடு திரும்பி வந்தார்.

"குடிங்க மாப்ள, தொண்டை வறண்டுருக்கும்."

துண்டு மறுபடி இடுப்புக்கு வந்தது. "போச்சு!" என்று கண்ணை மூடினான். திறந்தபோது அஸ்வினி தூரத்தில் எறிந்திருந்தாள். கனகா பிடித்துப் புள்ளியே எடுத்துவிட்டாள். நல்லவேளை, பிள்ளைகள் இந்தப் பக்கம் பார்க்கவில்லை!

இனி துண்டே வேண்டாமென்று அதைப் பையில் திணித்தான். மாமனார் உருவி எடுத்தார்.

"வெயிலு மண்டையப் பொளக்குது, நீங்க வெறுந்தலையா நிக்கிறீகளே!"

மறுக்குமுன் அவன் தலையில் முண்டாசு ஏறிவிட்டது. சென்னைப் பெண்கள் மொத்தமாகப் பின்னால் ஓடினார்கள். அஸ்வினியோ கிட்டத்தில் எறிந்து, ஆட்டத்தைச் சமநிலைக்குக் கொண்டுவந்தாள்.

"மாமா, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும், என்னை விட்டுருங்க!"

"நான் என்ன மாப்ள பண்ணுனேன்?"

கடைசி எறி. தூரத்தில் போட்டால்தான் கோப்பை. தலையில் இருந்த முண்டாசை அவன் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டான். மாமனார் விடவில்லை.

"ஐயையோ, டவுசரு இறங்குது மாப்ள!" என்று துண்டைப் பிடுங்கி, ஊரே பார்க்க அவன் இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டினார்.

சென்னை அணி முழுவதும் முன்னால் வந்து மொய்த்தது. கல்லாப்பெட்டி கண்ணுக்குத் தெரிந்தது அழகுபாண்டிக்கு. அந்த நேரம் அஸ்வினி எறிந்த பந்து எல்லார் தலைக்கும் மேலே பறந்தது. அத்துவானத்தில் தனியாக ஓடிய கனகா ஒற்றைக் கையால் அதைப் பிடித்தாள். அவளுடைய கோச்கூட அப்படிப் பிடித்ததில்லை.

குலவைச் சத்தம் காதைப் பிளந்தது. பெண்கள் அழகுபாண்டியைத் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். முதல்வர் ஓடிவந்து கட்டிப்பிடித்து, "அடுத்த வருஷமும் நீங்கதான் கோச்!" என்றார். அவனுக்கு அழுகை வந்துவிட்டது. அழுகையோடு கோபமும் வந்தது. கோப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நேரே மாமனாரிடம் போனான்.

"என்னையக் கடைக்கு இழுக்கத்தான மாமா இம்புட்டும் செஞ்சீக?"

கருத்தக்கண்ணன் சிரித்தார். "அட போங்க மாப்ள! 'மெட்ராஸ் கோச்சு ஒங்க மருமகன் துண்டப் பாத்துத்தான் ஆளுகள நிறுத்துறாரு. நீங்க அத மாத்திக்கிட்டே இருங்க தாத்தா, நாங்க அதுக்கு நேரெதிரா ஆடிக்கிறோம்'னு அஸ்வினிப் புள்ளதான் என்னைய அனுப்பிவிட்டுச்சு!"