எதிர்வீட்டில் பொங்கிய பால்

நாட்குறிப்பு எழுதுகிறவன் தவறு செய்யமாட்டான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவனுடைய தவறுகளுக்குத் தேதியும் நேரமும் இருக்கும், அவ்வளவுதான்.

புனேயில், நிக்டி பகுதியில் பத்து வருடம் வாடகைக்கு இருந்துவிட்டு மகர்பட்டாவில் சொந்த வீடு வாங்கினோம். சமையலுக்கு எது? சிலிண்டரா, குழாய் கேஸா, இண்டக்‌ஷனா? மற்றவர்கள் கடைக்குப் போவார்கள். நான் நோட்டு வாங்கினேன். பழைய வீட்டில் ஒவ்வொரு சிலிண்டரும் எத்தனை நாள் வந்தது என்பது ஏற்கெனவே என்னிடம் இருந்தது (என் மனைவி உமா இதை வியாதி என்பாள்). கிடைத்ததையெல்லாம் படித்தேன். பிறகு ஒரு வாரம் தினமும் புது வீட்டுக்குப் போய், இண்டக்‌ஷன் அடுப்பில் ஓர் எவர்சில்வர் பாத்திரத்தை வைத்து, தண்ணீர், பால், மறுபடி தண்ணீர் என்று கொதிக்கவிட்டு விநாடி சுத்தமாக எழுதினேன். தீர்ப்பு: இண்டக்‌ஷன்.

"கிரகப்பிரவேசத்துக்கு எங்கம்மா கேஸ் அடுப்பு சீர் கொண்டாறேங்கறாங்க," என்றாள் உமா.

"வேண்டாம்னு சொல்லிடு. ஏன்னு ரெண்டு பக்கம் எழுதி வெச்சிருக்கேன்."

கடிதத்தைக் கோயம்புத்தூருக்குத் தபாலில் அனுப்பினேன். பதில் வரவில்லை. (சம்மதம் என்று குறித்துக்கொண்டேன்.)

கிரகப்பிரவேசத்தன்று பால் காய்ச்சிப் பொங்கவிட நல்ல நேரம் காலை ஏழரை வரை. ஏழு பத்துக்கு அத்தை, அதாவது என் மாமியார், பையிலிருந்து சீர்ப் பாத்திரத்தை எடுத்தார். புத்தம் புதுப் பித்தளைப் பானை. கழுத்தில் மஞ்சள் கொத்து. பாலை ஊற்றி அடுப்பில் வைத்துப் பொத்தானை அழுத்தினேன்.

பீப். பீப். பீப்.

அடுப்புக்குப் பானையே தெரியவில்லை. காந்தம் ஒட்டுகிற பாத்திரம்தான் இண்டக்‌ஷனில் சூடேறும். இது என் நோட்டின் மூன்றாம் பக்கத்தில், என் கையெழுத்தில், அடிக்கோட்டுடன் இருக்கிறது.

"ஏனுங் மாப்ள, அடுப்பு எதுக்கு இப்படி அழுவுது?"

"பித்தளை இதுக்கு ஒத்துக்காதுங்க அத்தை. எவர்சில்வர்ல மாத்திடலாம்."

"ஒரு வாரமா நீங்க என்னமோ காச்சிட்டிருந்தீங்களே, அதுலயா? புழங்குன பாத்திரத்துல எப்படீங்க? பால் பொங்காம ஊட்டுக்குக் குடி வர்றதுங்களா?" அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது. பத்து வருடம் இந்த நாளுக்காகக் காத்திருந்த உமா கடிகாரத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அதுதான் பயமாக இருந்தது.

பீப் சத்தம் கேட்டு எதிர்வீட்டு ஜோஷி காக்கூ (காக்கூ என்றால் மராத்தியில் சித்தி) எட்டிப் பார்த்தார். விஷயம் தெரிந்ததும், "மாஜ்யாகடே கேஸ் ஆஹே நா!" என்று, கேஸ் அடுப்பு இருக்கிற தன் வீட்டுச் சமையலறையைக் கைகாட்டினார்.

"அங்க சூடு மட்டும் பண்ணுங்க மாப்ள. வழியறப்ப பானை நம்மூட்டுக்குள்ள இருக்கோணும்," என்றார் அத்தை.

திட்டம் தயார். இரண்டு வீட்டு அடுப்புக்கும் நடுவே பதினேழு அடி நடை (நடந்தே அளந்தேன்). நுரை விளிம்புக்கு வந்ததும் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும். காக்கூவின் அடுப்பருகே தோளில் பிடிதுணியும் கையில் நோட்டும் பேனாவுமாக நின்றேன். பாலின் ஆடை சுருங்கியது, சிலிர்த்தது, நுரை எழும்பியது. "நுரை: ஏழு இருபத்துநாலு" என்று எழுதினேன். விநாடியையும் சேர்க்கலாமே என்று குனிந்தேன்.

ஸ்ஸ்ஸ்ஸ்!

காக்கூவின் பர்னர், மேடை, தரை எல்லாம் எங்கள் பால். "தூத் உத்து கேல! கித்தி சான்!" (பால் பொங்கிருச்சு, எவ்வளவு நல்லது!) என்று காக்கூ கைதட்டினார். அவர்கள் வழக்கத்திலும் பால் பொங்கினால் மங்கலமாம். ஆனந்தமாகக் குங்குமம் எடுத்துத் தன் அடுப்புக்குப் பொட்டு வைத்தார்.

திரும்பினேன். வாசலில் உமாவும் அத்தையும், திறந்த வாய் மூடாமல்.

"பொங்கிருச்சுங்க அத்தை," என்றேன்.

"ஆமாங்க. யாரூட்டுல?"

அடுத்த வாரம் கோயம்புத்தூரிலிருந்து பார்சலில் கேஸ் அடுப்பு வந்தது. பர்னர்களைச் சுற்றியிருந்த காகிதம் என் இரண்டு பக்கக் கடிதம்.

அதற்குப் பிறகு ஜோஷி வீட்டில் நடந்தவை அனைத்தும் என் நோட்டில் உள்ளன. காக்காவுக்கு, அதாவது காக்கூவின் கணவருக்கு, பதவி உயர்வு. மகளுக்குக் கல்யாணம். நேற்று பேரன் பிறந்ததற்குப் பால்பேடா கொண்டுவந்தார் காக்கூ. உமா ஒன்றை எடுத்து என் வாயருகே நீட்டினாள்.

"கூச்சப்படாம சாப்புடுங்க. நம்ம பால்தானே."