கூடாரத்துக்குள் சார்

கூடாரம் மூன்றாவது தடவையாக விழுந்தது. இந்தத் தடவை அதற்குள் சார் இருந்தார்.

"சார், உள்ளேயா இருக்கீங்க?" என்று வெளியிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"ஆமாம்மா. கொஞ்சம் தூக்கிவிட்டா நல்லா இருக்கும்," என்றார் சார், துணிக்குள்ளிருந்து, யாருக்கும் தொந்தரவு தந்துவிடக் கூடாது என்ற குரலில்.

"யார் தூக்கணும், சார்?"

"யாராவது."

'யாராவது' என்ற பெயரில் அந்த கேடட் குழுவில் ஒருவரும் இல்லை. ஆகவே ஒருவரும் தூக்கவில்லை. கடைசியில் சீனியர் பெண்தான் வந்து ஓர் ஓரத்தைத் தூக்கினாள்.

"சார், யாராவதுன்னு சொன்னா யாரும் வர மாட்டாங்க. ஆளைச் சொல்லிக் கூப்பிடுங்க."

சொல்லிவிட்டு நோட்டுப் புத்தகத்தைத் திறந்து என்னமோ எழுதிக்கொண்டாள். தாம் நடத்தும் பாடத்தை ஒருத்தியாவது குறிப்பெடுக்கிறாளே என்று சாருக்கு உச்சி குளிர்ந்தது.

அவர் 'சார்' ஆகி ஒரு மாதம்தான் ஆகிறது. அதற்கு முன் பதினெட்டு வருஷம் அதே பள்ளியின் வேதியியல் ஆய்வகத்தில் சோதனைக் குழாய் கழுவிக்கொண்டிருந்தார். இப்போதும் கழுவுகிறார், அது வேறு விஷயம். அப்போதெல்லாம் ஆசிரியர் முதல் ஆறாம் வகுப்புப் பொடிப்பசங்க வரைக்கும், "லேப் அண்ணே, அதை எடுங்க, இதைக் கொண்டாங்க" என்பார்கள். கேடட் குழுவைப் பார்த்துக்கொண்டிருந்த பழைய ஆசிரியர் திடீரென்று இடுப்பு வலி என்று கழன்றுகொண்டார். அந்த இடுப்பு வலி ஒரே நாளில் மற்ற ஆசிரியர்கள் எல்லோருக்கும் தொற்றிக்கொண்டது. தலைமையாசிரியை சுற்றுமுற்றும் பார்த்தார். வலி இல்லாமல் நின்றவர் லேப் அண்ணன் மட்டும்தான். தலையில் தொப்பியை வைத்துவிட்டார்கள்.

தொப்பி வந்ததும் 'அண்ணே' போய் 'சார்' வந்தது. அந்த ஒரு சொல்லுக்காக அவர் உயிரையே கொடுப்பார். வீட்டில் தொப்பியைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் மாட்டிவைத்து, போகும்போதும் வரும்போதும் பார்த்துக்கொண்டார்.

"பல்பு மாத்தறதுக்குக்கூட என்னைக் கேட்டுட்டு மாத்தற மனுஷன், தலைமைப் பண்பு சொல்லித்தரப் போறாராம்," என்றாள் மனைவி.

"சொல்லித்தரலாமில்ல?" என்று அவர் அவளிடமே கேட்டார்.

இன்னும் மூன்று வாரத்தில் ஆய்வு அதிகாரி வருகிறார். குழு பத்து நிமிஷத்தில் கூடாரம் போட்டுத் தலைமைப் பண்பைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் குழுவைக் கலைத்துவிடுவார்கள். தொப்பி திரும்பப் போகும், 'அண்ணே' திரும்ப வரும்.

குழு என்றால் பெரிய பட்டாளம் இல்லை, ஆறே பேர். முதல் நிலையில் மூன்று பொடிசுகள். இரண்டாம் நிலையில் நெட்டை என்று ஒருவன், எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்பதால் சந்தேகம் என்று ஒருவன். மூன்றாம் நிலையில் சீனியர் பெண் மட்டும். பயிற்சிக் கையேட்டில் மூன்றாம் நிலைக்கான பக்கங்களை அவளே நகல் எடுக்க வாங்கிக்கொண்டு போயிருந்தாள். "அது எனக்கான பாடம்தானே சார், நானே படிச்சுக்கறேன். நீங்க சிரமப்படாதீங்க," என்றாள். எவ்வளவு பொறுப்பான பெண்!

முதலில் சார் நெட்டையைத் தலைவனாக்கினார். காரணம், உயரமாக இருந்தான். நெட்டையும் தலைமை என்றால் கத்துவது என்று புரிந்துகொண்டு கத்தினான். மூன்று பொடிசுகளும் கோரஸாக அழுதார்கள். மறுநாள் ஒரு பொடிசின் அம்மா நேராக ஆய்வகத்துக்கே வந்து, "நீங்கதான் புள்ளைங்களை அழவிடற சாரா?" என்றார். திட்டியதைவிட, 'சார்' என்று சொல்லித் திட்டினாரே, அதில் அவருக்குக் கொஞ்சம் ஆறுதல்.

"தினம் ஒருத்தர் தலைவர்," என்று முறையை மாற்றினார். ஆஹா, பிரமாதமான யோசனை! பொடிசுகள் தங்கள் முறை வந்ததும் நெட்டையை மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டார்கள். ஆளுக்குப் பத்துச் சுற்று. சந்தேகத்தின் நாளில் கூடாரப் பையையே பிரிக்கவில்லை.

"இடது பக்கம்னா என்னோட இடதா சார், டென்ட்டோட இடதா?"

"டென்ட்டுக்கு ஏதுப்பா இடது?"

"அப்ப வாசல் எந்தப் பக்கம் சார்?"

மணி அடிக்கும்வரை வாசலைத் தேடினார்கள்.

ஒரு வாரம்தான் பாக்கி. சாருக்கு விழி பிதுங்கியது. கையேட்டைப் புரட்டி, "நல்ல தலைவர் வேலையைப் பிரித்துக் கொடுப்பார்" என்ற வரியைக் கண்டுபிடித்து அதைப் பாடமாக நடத்தினார். இந்தப் பாடம் மட்டும் ஆறு பேருக்கும் பசுமரத்தாணி மாதிரிப் பதிந்தது. சீனியர் நெட்டைக்குக் கொடுத்தாள். நெட்டை சந்தேகத்துக்குக் கொடுத்தான். சந்தேகம் பொடிசுகளுக்குக் கொடுத்தான். ஆகக் கடைசிப் பொடிசு, இரட்டைச் சடைக்காரி, தனக்குக் கீழே யார் என்று தேடினாள். யாரும் இல்லை. நிமிர்ந்து பார்த்தாள்.

"சார், முளை அடிங்க."

அவரும் அடித்தார். மாட்டேன் என்றால் பாடம் கெட்டுவிடுமாம். அன்று மட்டும் பன்னிரண்டு முளை அடித்தார், நான்கு கம்பம் சுமந்தார், கயிறு கட்டினார். ஆறு தலைவர்களும் நிழலில் நின்று மேற்பார்வை பார்த்தார்கள்.

"சார், ஒரு தடவை முடியாதுன்னு சொல்லித்தான் பாருங்களேன்," என்றாள் சீனியர், எழுதிக்கொண்டே.

"குழந்தை ஆசையா கேக்குதேம்மா."

"கையைப் பின்னாடி கட்டிக்காதீங்க. பயந்த மாதிரி இருக்கு. வயித்துலேருந்து பேசுங்க."

குருவுக்கே யோசனை சொல்கிற அளவுக்குத் தேறிவிட்டாளே என்று அவர் மனைவியிடம் பெருமை அடித்துக்கொண்டார்.

அந்தச் சனிக்கிழமையும் வந்தது. ஆய்வு அதிகாரி கூரான மூக்கும் அதைவிடக் கூரான பென்சிலுமாக ஓர் அம்மாள். கடிகாரத்தை அழுத்தி, "ஆரம்பிக்கலாம்," என்றார்.

வேலை வழக்கம்போல மேலிருந்து கீழே வழிந்தது. இரட்டைச் சடை சுத்தியலோடு சாரைத் தேடினாள். அவர் இரண்டு தோளிலும் கம்பத்தோடு திணறிக்கொண்டிருந்தார். பக்கத்தில் சும்மா நின்றவர் ஒருவர்தான்.

"ஆன்ட்டி, நீங்க அடிங்க," என்று சுத்தியலை அதிகாரியிடம் நீட்டினாள்.

சார் கம்பங்களோடு அப்படியே திரும்பினார். அந்த நேரம் பார்த்துக் காற்றும் அடித்தது. துணி உப்பிக்கொண்டு அதிகாரி தலைமேல் பறந்தது. தொப்பி போச்சு, 'சார்' போச்சு, எல்லாம் போச்சு. அவர் கம்பங்களைத் தொப்பென்று கீழே போட்டார்.

"நெட்டை! வலது கயித்தைப் பிடி! சந்தேகம், நீ இடது! கேள்வி கேட்டே, தொலைச்சுடுவேன்! பொடிசுங்க மூணு பேரும் ஓரத்துல உக்காருங்க!"

வயிற்றிலிருந்து வந்த குரல். மைதானத்துக் காக்கைகள் எழுந்து பறந்தன.

"சார், முளையை நீங்க..." என்று ஆரம்பித்தாள் இரட்டைச் சடை.

"முடியாது! நீயே அடி!"

அடித்தாள். ஒன்பதாவது நிமிஷத்தில் கூடாரம் நிமிர்ந்து நின்றது.

அதிகாரி தலைமுடியைச் சரிசெய்துகொண்டு ஏதோ எழுதினார். சாருக்கு அழுகையே வந்துவிட்டது. பிள்ளைகள் தலைமை தாங்குவதைக் காட்டச் சொன்னால், தாமே அல்லவா கத்தித் தொலைத்துவிட்டார்! கழற்றிக் கொடுப்பதற்காகத் தொப்பியில் கை வைத்தார்.

"தொப்பி இருக்கட்டும். குழுவும் இருக்கட்டும்," என்ற அதிகாரி, பையிலிருந்து ஒரு பதக்கத்தை எடுத்துச் சீனியரின் சட்டையில் குத்தினார். "மூணாம் நிலை, தேர்ச்சி. சபாஷ்மா, மூணு வாரத்துல எதிர்பார்க்கவே இல்லை."

சார் திருதிருவென்று விழித்தார். "மேடம், அவ ஒண்ணுமே பண்ணலையே! இத்தனை நாளும் ஓரமா நின்னு நோட்டுல எழுதிக்கிட்டுத்தானே இருந்தா?"

நெட்டை வானத்தைப் பார்த்தான். சந்தேகத்துக்கே ஒரு சந்தேகமும் வரவில்லை. இரட்டைச் சடைதான் மனசு கேட்காமல் கிட்டே வந்து, சாரின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"சார், மூணாம் நிலைக்கு ஒரு பெரியவரைப் பிடிச்சுத் தலைவராக்கிக் காட்டணும், நீங்க பாஸ், போன சார்தான் ரெண்டு தடவை ஃபெயில்!"