நான்காவது ஸ்பானிஷ் பெட்டி

"அந்தக் கிளி என்னையே முறைக்குதும்மா" என்றாள் ஹேட்டி.

வெர்னா ஸ்டக்கி மூக்கிலிருந்த ஆக்ஸிஜன் குழாயைச் சரிசெய்துகொண்டு மகளைப் பார்த்தாள். சமையலறை மேசையில் ஸ்பானிஷ் பாடப் பெட்டி திறந்து கிடந்தது. அதிலுள்ள வீடியோவில் ஒரு அம்மாள் கையில் துணிக்கிளியை மாட்டிக்கொண்டு பாடம் நடத்துவார்.

"பதினேழு வயசுக் கழுதைக்குத் துணிக்கிளியப் பாத்துப் பயமா?"

"பயமில்லம்மா. மண்டையில ஏற மாட்டேங்குது."

அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் பிள்ளையை வீட்டிலேயே படிக்க வைப்பதென்றால் அந்த வீட்டுப் பள்ளிக்கும் ஒரு பெயர் வைத்துப் பதிய வேண்டும். வெர்னாவின் பள்ளிக்குக் 'கோதுமைக்கதிர் அகாடமி' என்று பெயர். தலைமையாசிரியை, கணக்கு டீச்சர், மணி அடிப்பவர் எல்லாம் அவள்தான். மாணவி ஒருத்திதான். மதிப்பெண் பட்டியலில் எல்லாம் நிரம்பிவிட்டது, இரண்டு வருட ஸ்பானிஷ் மட்டும் காலி. அது இல்லாமல் நர்சிங் கல்லூரி ஹேட்டியை உள்ளே விடாது. மே முதல் தேதிக்குள் பட்டியல் போய்ச் சேர வேண்டும்.

வெர்னாவுக்கும் ஒரு கெடு இருந்தது. அவள் நுரையீரலைப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னது, கிறிஸ்துமஸ் வரை. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்றே அவள் மகளிடம் அறிவித்துவிட்டாள்.

"உன் ஸ்பானிஷ முடிக்காம நான் கண்ண மூட மாட்டேன்டி. எழுதி வச்சுக்க."

ஹேட்டி கோழிக்குத் தீனி போடப் போய்விட்டாள்.

கிளியைத் திருப்பி அனுப்பினார்கள். பார்சல் வண்டிக்காரர் எலிசியோ வந்து எடுத்துப் போனார். அடுத்த வாரமே இரண்டாவது பெட்டியைக் கொண்டு வந்தார். வாசல் கேட் வீட்டிலிருந்து தள்ளி இருந்தது. ஹேட்டிதான் ஓடிப்போய் வாங்குவாள். எலிசியோ தன் தாய்மொழியான ஸ்பானிஷில் ஏதோ கேட்பார், அவள் "தொதாவியா" என்பாள். அந்த ஒரு சொல் மட்டும் சத்தமாக வெர்னாவின் காதுவரை வந்தது.

"அப்படின்னா என்னடி?"

"'இன்னும்'னு அர்த்தம்மா."

"மூணு மாசத்துல ஒரு வார்த்தை! பேஷ்!"

இரண்டாவது பெட்டி அவர்கள் போகும் சர்ச் சபையில் எல்லோரும் மெச்சியது. முழுக்க வேத வசனம். கிறிஸ்துமஸுக்குச் சபை விருந்தில் புதிதாக வந்திருந்த ஒரு மெக்ஸிகோக்காரர், பீன்ஸ் தட்டை ஹேட்டியிடம் அன்போடு நீட்டினார். வெர்னா மகளை இடித்தாள். "பேசுடி!"

ஹேட்டி எழுந்து நின்று, கூடம் அதிரும்படி ஸ்பானிஷில் ஏதோ சொன்னாள். அந்த மனிதர் தட்டை வைத்துவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

"என்னடி சொன்ன?"

"'பாவியே, மனந்திரும்பு.' அந்தப் பெட்டியில 'நன்றி' இன்னும் வரலம்மா."

கிறிஸ்துமஸ் முடிந்தது. வெர்னா போகவில்லை. டாக்டருக்கே கொஞ்சம் சங்கடமாக இருந்தது.

மூன்றாவது பெட்டியில் ஸ்பெயின் தேசத்து உச்சரிப்பு. நாக்கைப் பல்லுக்கு நடுவே வைத்துப் பேச வேண்டும். மூன்றாம் நாளே நாக்கைக் கடித்துக்கொண்டேன் என்று ஹேட்டி ஒரு வாரம் வாயே திறக்கவில்லை. பெட்டி மாறும்போதெல்லாம் முதல் பாடத்திலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. ஏப்ரல் பிறந்தபோது ஹேட்டி மறுபடியும் 'என் பெயர்' என்ற பாடத்தில்தான் நின்றாள்.

"நீதானே தலைமையாசிரியை? ஒரு 'ஏ' போட்டுத் தள்ளு, வெர்னா" என்றார் கணவர் மார்லின்.

"என் பள்ளிக்கூடத்துல ஓசி மார்க் கிடையாது. நாளைக்கு ஆஸ்பத்திரியில ஒருத்தன் நெஞ்சு வலிக்குதுன்னு ஸ்பானிஷ்ல கத்துவான். இவ கிளி மாதிரி முழிப்பாளா?"

சொல்லிவிட்டு இருமினாள். இருமல் நிற்க வெகுநேரம் ஆயிற்று. துணியில் ரத்தம் இருந்தது. அதை மடித்து ஏப்ரன் பைக்குள் வைத்துக்கொண்டு, நான்காவது பெட்டிக்குச் சொல்லி அனுப்பினாள். அவளுக்குப் பயமாக இருந்தது. சாவுக்குக்கூட அவ்வளவு பயமில்லை, அந்தக் காலிக் கட்டத்துக்குத்தான் பயம்.

எலிசியோ நான்காவது பெட்டியோடு வந்த அன்று, வெர்னா ஆக்ஸிஜன் சிலிண்டரை இழுத்துக்கொண்டு, தீனி வாளியோடு நின்ற ஹேட்டியையும் கூட்டிக்கொண்டு தானே கேட்டுக்குப் போனாள்.

"இந்தப் பெட்டியப் பிரிக்கறதுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணு தெரியணும். கோதுமைக்கதிர் அகாடமி உங்கள வெளித் தேர்வாளரா நியமிக்குது. இவளுக்கு ஒரு வாய்மொழித் தேர்வு வைங்க."

"மேடம், நான் இன்னும் இருபது வீட்டுக்குப் போகணும்..."

"அஞ்சு நிமிஷம்."

எலிசியோ தொப்பியைக் கழற்றினார். ஹேட்டியிடம் பெயரைக் கேட்டார். ஹேட்டி வானத்தைப் பார்த்தாள். வயதைக் கேட்டார். தரையைப் பார்த்தாள். கடைசியாக அவர் மெல்ல என்னவோ கேட்டார்.

"தொதாவியா" என்றாள் ஹேட்டி. தீனி வாளியை எடுத்துக்கொண்டு கோழிக்கூண்டுப் பக்கம் ஓடிவிட்டாள்.

வெர்னா கேட்டைப் பிடித்துக்கொண்டாள். "பாத்தீங்களா? எட்டு மாசம், நாலு பெட்டி, ஒரு வார்த்தை. நான் போயிட்டா இவ கதி என்ன? உண்மையச் சொல்லுங்க, இவ தேறுவாளா?"

எலிசியோ தொப்பியை இரண்டு கையாலும் திருகினார்.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன், மேடம். கடைசியா நான் கேட்டது, எப்பவும் கேக்கறதுதான்: 'அம்மா இருக்காங்களா?'"

"அதுக்கு எதுக்கு 'இன்னும்'?"

"உங்க பொண்ணு என் பொண்ணவிட நல்லா ஸ்பானிஷ் பேசுவா, பிப்ரவரியிலயே ரெண்டு வருஷப் பாடத்தையும் முடிச்சுட்டா, மேடம்... ஆனா அத முடிக்காம கண்ண மூட மாட்டேன்னு நீங்க சொன்னீங்களாமே."