டார்லீனின் மூன்றாவது கல்யாணம்

வெர்னான் டப்ஸ் அடித்த பந்து நியாயமாகக் குளத்தில் விழுந்திருக்க வேண்டும். அது குளத்தைத் தாண்டி, கரைப் புல்லில் குதித்து, நல்ல பிள்ளையாக உருண்டு கொடிக்குப் பக்கத்தில் போய் நின்றது.

"போச்சு!" என்று தலையில் கை வைத்தான் வெர்னான்.

"என்ன போச்சு? குழி வாசல்லயே போய் உக்காந்திருக்கு!" என்றான், அவனுடைய மட்டைப் பையைத் தூக்கி வரும் டச். "பத்தொம்பது வருஷமா இந்தக் குளத்தைப் பாத்தாலே நடுங்கி ரெண்டு அடியாப் பிரிச்சு அடிப்ப. இன்னைக்கு என்ன சாப்பிட்ட?"

வெர்னான் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். நேற்றுவரை அவனுக்கு எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, அதாவது வழக்கம்போல் மோசமாக. நான்கு நாள் கோல்ஃப் பந்தயத்தில் முதல் இரண்டு நாளில் குறைந்த அடிகளில் குழிகளை முடித்துத் தேறியவர்கள்தான் சனி, ஞாயிறு ஆடலாம். மற்றவர்கள் வெள்ளி மாலையே மூட்டை கட்ட வேண்டும். இந்த வருஷம் போன ஊரிலெல்லாம் வெள்ளிக்கிழமை மூட்டை கட்டியவன் வெர்னான். இந்த கான்ஸஸ் பந்தயத்திலும் தேறாவிட்டால் தொழில்முறை ஆட்டக்காரன் என்கிற அட்டையே பறிபோய்விடும். அப்புறம் மாமனாரின் டயர் கடைதான்.

திறமை இல்லாதவன் என்று சொல்ல முடியாது. ஆனால் ஓர் அடி அடிப்பதற்குள் கொடியை ஒரு தடவை பார்த்தால் குளத்தை நாலு தடவை பார்ப்பான். "முட்டைக் கூடையைத் தலையில வெச்சுக்கிட்டு ஓட்டப் பந்தயம் ஓடுறவன் மாதிரி ஆடுற" என்று அவன் மனைவி லொரெட்டா சொல்லிச் சொல்லி வாய் வலித்து விட்டுவிட்டாள்.

நேற்று ஆட்டம் முடிந்தபோது, தேற வேண்டிய கணக்குக்கு மேல் எட்டு அடி கூடுதலாக அடித்துப் பின்தங்கியிருந்தான். விடுதி அறையில் கால் நீட்டி உட்கார்ந்தபோது ஆர்க்கன்சாவிலிருந்து லொரெட்டா போன் செய்தாள்.

"உன் ஆட்டத்தைப் பாத்தேன். சரி, விடு. சனிக்கிழமை பதினோரு மணிக்கு டார்லீன் கல்யாணம், ஞாபகம் இருக்குல்ல?"

வெர்னானுக்குத் துளியும் ஞாபகம் இல்லை. மைத்துனி கல்யாணத்தை மறந்தேன் என்று எந்தப் புருஷன் ஒப்புக்கொள்வான்?

"இல்லாம? முந்தாநாள்கூட நெனைச்சேன்" என்றான்.

"அவளோட முதல் கல்யாணத்தப்போ ஜார்ஜியாவுல ஆட்டம்ன. ரெண்டாவதுக்கு ஆரிகன்ல ஆட்டம்ன. மூணாவதுக்கும் வரலன்னா உன் மட்டைப் பைக்குள்ளயே படுத்துக்க. வீட்டுக்கு வராத."

"வெள்ளி சாயங்காலமே கிளம்பிடுவேன், லொரெட்டா. சத்தியம்!"

தோற்பதில் அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை.

ஆகவே இன்று காலை, சீக்கிரம் முடித்துவிட்டு வண்டியை எடுக்க வேண்டும் என்கிற அவசரத்தில் மடமடவென்று அடித்தான். எண்ணிப் பார்க்கவில்லை, குளத்தைப் பார்க்கவில்லை. விளைவு, எட்டில் ஐந்து அடியைப் பத்தாவது குழி வருவதற்குள் ஈடுகட்டிவிட்டான். பத்தாவதில், எப்படியும் பந்தை விழுங்கிவிடும் என்று அந்தக் குளத்தை நம்பி மிக நீளமான மட்டையை எடுத்தான். குளமும் கைவிட்டுவிட்டது.

அடுத்த குழியில் வழியை மறைத்து இரண்டு பெரிய மரங்கள். சுற்றிப் போவதுதான் புத்தி. வெர்னான் நடுவில் குறி வைத்தான். "இதுக்கு மேல என்ன பண்றது?" என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டே விளாசினான். பந்து ஓர் இலையைக்கூட உரசாமல் ஊசியில் நூல் கோத்ததுபோல் போயிற்று.

கூட ஆடிய கனடாக்காரன் தொப்பியைக் கழற்றினான். "யோவ், இதையெல்லாம் இத்தனை நாள் எங்கய்யா ஒளிச்சு வெச்சிருந்த?"

பதின்மூன்றாவதில் சரிவைப் பார்க்காமல் உருட்டினான். உள்ளே போயிற்று. அதோடு டச்சிடம் எல்லாவற்றையும் கொட்டினான். டச் பையைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"சிரிக்காதடா. என் குடும்பமே போகப் போகுது."

"அப்போ இப்பவே விலகிக்க."

"பாதி ஆட்டத்துல மட்டையைக் கீழ வெக்கவா? எங்கப்பன் கல்லறையிலேருந்து எந்திரிச்சு வந்து உதைப்பார்."

"அப்போ நாலு பந்தைக் குளத்துல போடு."

"வேணும்னே கெட்ட அடி அடிக்கச் சொல்றியா?" வெர்னானுக்கு நிஜமாகவே கோபம் வந்தது. "நான் மோசமான ஆட்டக்காரன்தான். ஆனா இதுவரைக்கும் யோக்கியமா மோசமா ஆடியிருக்கேன்."

கடைசியில் ஒரு யோசனை தோன்றியது. பழையபடி பயந்து ஆடினால் போதுமே, யோக்கியத்துக்கும் பங்கமில்லை! பதினைந்தாவதில் வெகுநேரம் நின்றான். குளத்தை நாலு தடவை பார்த்தான், ஐந்தாவது தடவையும் பார்த்தான். தண்ணீர் அழகாக இருந்தது, வாத்துகள் நீந்தின. பயம் மட்டும் வரவில்லை. அடித்தான். பந்து நேராகக் கொடியை நோக்கிப் பறந்தது.

"உருப்படவே மாட்டேன்" என்றான் வெர்னான்.

பதினெட்டாவது குழிக்கு வந்தபோது சுற்றிலும் கூட்டம் கூடியிருந்தது. அவன் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். இதற்குமுன் அவன் பெயரைக் கத்தியவள் லொரெட்டா ஒருத்திதான், அதுவும் குப்பை வாளியை வெளியே வைக்காத நாட்களில். குழிக்கு இரண்டடி தூரத்தில் பந்து. டச் அடிக் கணக்குப் பலகையைப் பார்த்துவிட்டு வந்து கிசுகிசுத்தான்.

"இது விழுந்தா தேறிட்ட. விழலன்னா கல்யாணச் சாப்பாடு. என்னைக் கேக்காத, எனக்கும் வீடு, பொண்டாட்டி எல்லாம் இருக்கு."

வெர்னான் குனிந்தான். நூலளவு வலப்பக்கம் தள்ளினால் போதும், ஒருவருக்கும் தெரியாது. லொரெட்டாவின் முகத்தை நினைத்தான். அவளில்லாத வீட்டை நினைத்தான். தள்ளிவிடத்தான் நினைத்தான். ஆனால் கை அவன் பேச்சைக் கேட்கவில்லை. சின்ன வயதிலிருந்து பந்தைக் குழிக்குள் போடுவதைத் தவிர வேறெதுவும் அறியாத கை அது. பந்து நடுக்குழியில் 'டொக்' என்று விழுந்தது.

கூட்டம் ஆர்ப்பரித்தது. வெர்னானுக்கு ஒரு கணம் மார்பு விம்மியது. அந்த மாதிரி ஒரு சத்தத்துக்காகத்தான் இத்தனை வருஷம் ஊர் ஊராக அலைந்தான். மறுகணம் டார்லீன் ஞாபகம் வந்தது.

ஒரே ஒரு வாசல் மிச்சமிருந்தது. அடி எண்ணிக்கைச் சீட்டில் கையெழுத்துப் போடாமல் போகிறவன் ஆட்டத்திலேயே இல்லாதவன். வெர்னான் சீட்டை டச்சின் கையில் திணித்தான். கார் சாவியை எடுத்தான். நடந்தான்.

"யோவ் வெர்ன்! கையெழுத்து!"

"ஆட்டத்தை முடிச்சாச்சு, எங்கப்பனுக்குப் பதில் சொல்லிக்குவேன். லொரெட்டாவுக்குப் பதில் சொல்ல முடியாது!"

"அட்டை போயிரும்யா! டயர் கடைதான்!"

"டயர் கடைன்னா ராத்திரி வீட்டுக்காவது போகலாம்ல!"

சீட்டு வாங்கும் கூடாரத்திலிருந்த தடித்த அம்மாள் நிலைமையைப் புரிந்துகொண்டு, "தம்பி, சீக்கிரம் வாங்க! இப்ப வந்தாலும் செல்லும்!" என்று கூவிக்கொண்டு பின்னால் ஓடிவந்தாள். அவளுக்குப் பின்னால் மூச்சிரைக்க டச். வெர்னான் திரும்பிப் பார்க்காமல் கார் நிறுத்தும் இடத்துக்கு ஓடினான்.

அங்கே அவனுடைய காரின் முன்பக்கம் ஏறி உட்கார்ந்து, அரைக்கால் சட்டையும் வெயில் கண்ணாடியுமாக ஒருத்தி சுட்ட சோளக்கதிரைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"டார்லீன்!"

"என்ன அத்தான், பேய் மாதிரி ஓடி வர்றீங்க? கடைசி அடியை வேலிக்கு வெளியிலேருந்தே பாத்தோம். பிரமாதம்!"

"நீ இங்க எப்படி?"

"அக்காதான் காலையிலேயே எழுப்பி இழுத்துக்கிட்டு வந்தா. நீங்க எப்படியும் தேறிடுவீங்களாம், நாளைக்கும் நாளன்னிக்கும் உங்க ஆட்டம் பாக்கணுமாம். டிக்கெட் வாங்க நிக்கிறா."

"நாளைக்கா?" வெர்னானின் குரல் உடைந்தது. "நாளைக்குப் பதினோரு மணிக்கு உனக்குக் கல்யாணம்டி!"

டார்லீன் சோளத்தை வாயிலிருந்து எடுத்தாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"எனக்கா? மாப்பிள்ளை யாருன்னு அக்கா ஏதாவது சொன்னாளா?"